பழைய பென்ஸ், பி.எம்.டபிள்யூ வாங்கும் முன்: எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது

புது பெரோடுவா மைவி காரின் விலையில் பாதிக்கு ஒரு பழைய பென்ஸ் கிடைக்கிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமான் குடியிருப்பிலேயே நாலைந்து நிற்கின்றன. அதில் இரண்டு நகர்ந்து பல மாதம் ஆகிவிட்டது. வாங்கியவர்கள் ஏமாளிகள் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தார்கள், ஆனால் வரிசை மாறிப் பார்த்தார்கள். முதலில் ஓட்டிப் பார்த்தார்கள். சீட்டும் சத்தமில்லாத ஓட்டமும் மனதைப் பிடித்துவிட்டன. அப்புறம் கிரானில் (காரின் பதிவுச் சான்றிதழில்) என்ன இருந்தாலும், கீழே எண்ணெய் சொட்டினாலும், "சரி, பிறகு செய்துகொள்ளலாம்" என்று ஆகிவிட்டது.

அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியதும் வேண்டாம் என்று திரும்பிவர வைப்பதும் முன்னால் வரும். காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது பின்னால் வரும். பென்ஸ் இ கிளாஸின் டபிள்யூ211, பி.எம்.டபிள்யூ 5 சீரிஸின் இ39, இ60 ஆகிய தலைமுறைகள்தான் நம் பக்கம் அதிகம் கைமாறுகின்றன என்பதால் உதாரணங்களை அவற்றிலிருந்தே எடுத்திருக்கிறேன். வோல்வோவுக்கும் லெக்சஸுக்கும் இதே வரிசை பொருந்தும்.

1. வீட்டிலேயே முடிக்க வேண்டிய கணக்கு

கையில் 30,000 ரிங்கிட் இருந்தால் 30,000 ரிங்கிட் காரைப் பார்க்கப் போகாதீர்கள். 20,000 ரிங்கிட் காரைப் பாருங்கள். மீதி 10,000 அந்தக் காருக்கே முதல் வருடத்தில் போகும். விற்பவர் பெரும்பாலும் ஏதோ ஒரு பெரிய வேலை நெருங்கும் நேரத்தில்தான் விற்கிறார். அந்தச் செலவு காரோடு சேர்ந்து உங்கள் வீட்டுக்கு வருகிறது.

இந்த வயதுக் காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது கஷ்டம். ரொக்கமாகத்தான் வாங்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரோட் டாக்ஸ் சிசியைப் பொறுத்தது. தீபகற்பத்தில் சொந்தப் பெயரில் பதிந்த செடான் காருக்கு வருடக் கணக்கு இப்படி வரும்: 1,796 சிசி உள்ள இ200 கொம்ப்ரெசருக்கு 278.40 ரிங்கிட், 2,497 சிசி உள்ள பி.எம்.டபிள்யூவுக்கு 877 ரிங்கிட், 2,996 சிசிக்கு 2,120 ரிங்கிட். 3,000 சிசியைத் தாண்டினால் ஒவ்வொரு சிசிக்கும் 4.50 ரிங்கிட் ஏறும். 3,199 சிசி உள்ள எஸ்320-க்கு 3,025.50 ரிங்கிட். எஸ் கிளாஸ் ஏன் இவ்வளவு மலிவாக விளம்பரத்தில் கிடக்கிறது என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

இன்சூரன்ஸையும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். 15 வயதைத் தாண்டிய காருக்கு எல்லா நிறுவனமும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. பழைய காரில் சேர்த்த என்.சி.டி. (இழப்பீடு கேட்காததற்கான கழிவு) உங்கள் பெயரில் இருந்தால் அதைப் புதிதாக வாங்கும் காருக்கு மாற்றிக்கொள்ளலாம். அதிகபட்சம் 55 விழுக்காடு வரை குறையும்.

இன்னொரு கேள்வி, யாரும் கேட்காத கேள்வி: இந்தக் காரை யார் பார்ப்பார்? நம் ஊர்ப் போர்மன்கள் (மெக்கானிக்குகள்) சாகாவையும் ஹைலக்ஸையும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுவார்கள். ஜெர்மன் காருக்கு அந்தந்தக் காருக்கென்று உள்ள ஸ்கேனர் வேண்டும். அது உள்ள போர்மனை ஈப்போவிலோ தைப்பிங்கிலோ முதலில் கண்டுபிடித்து, பேசி, நம்பரை வாங்கி வைத்துக்கொண்ட பிறகு காரைத் தேடுங்கள். கார் வாங்கிய பிறகு போர்மனைத் தேடினால் ஒவ்வொரு தடவையும் இழுவை லாரிக்குத்தான் காசு போகும்.

2. கையில் எடுத்துப் போக வேண்டியவை

நல்ல டார்ச் லைட், பழைய துணி, ஒரு வெள்ளைக் காகிதம், கைப்பேசியில் போதுமான சார்ஜ், கூட ஒரு ஆள். ஆள் எதற்கென்றால், நீங்கள் உள்ளே இருந்து அழுத்தும்போது பின்னால் நின்று புகையையும் விளக்கையும் பார்க்க வேண்டும்.

காந்தம் எடுத்துப் போகச் சொல்வார்கள். பெயின்ட்டுக்கு அடியில் புட்டி இருந்தால் காந்தம் ஒட்டாது என்பது சாதாரணக் காருக்குச் சரி. டபிள்யூ211-இல் முன் பானட், முன் ஃபெண்டர், பின் பூட் மூடி எல்லாமே அலுமினியம். இ60-இல் முன்பகுதிச் சட்டமே அலுமினியம். அங்கே காந்தம் எப்படியும் ஒட்டாது. ஒருவர் இதை வைத்தே நல்ல கார் ஒன்றை விபத்துக் கார் என்று விட்டுவிட்டு வந்தார். கதவுகளுக்கும் பின் ஃபெண்டருக்கும் மட்டும் காந்தத்தைப் பயன்படுத்துங்கள். முன்பகுதிக்கு போல்ட் தலைகளைப் பாருங்கள். ஸ்பேனர் பட்டுப் பெயின்ட் உரிந்திருந்தால் அந்தப் பகுதி கழற்றப்பட்டிருக்கிறது.

3. காரைத் தொடும் முன் கிரான்

கிரானில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். "மச்சான் பெயரில் இருக்கு, அவர் சிங்கப்பூர்ல இருக்கார்" என்றால், மச்சான் வந்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள். பெயர் மாற்றத்தை உரிமையாளரே உறுதிசெய்ய வேண்டும்.

சொந்தக்காரர் இறந்துபோயிருந்தால் இன்னும் கவனம். அப்பாவின் காரை மகன் விற்பது தோட்டத்துப் பக்கம் சர்வசாதாரணம். ஆனால் வாரிசு உரிமைக்கான ஆவணம் இல்லாமல் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் பெயர் மாறாது. அந்த வேலையை அவர்கள் முடித்த பிறகுதான் ஒரு காசு கொடுக்க வேண்டும்.

கிரானில் வங்கியின் உரிமைக் கோரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். கடன் மீதி இருந்தால் வங்கி விடுவிக்கும் வரை கார் உங்களுடையது ஆகாது. "சம்போங் பாயார்" என்று ஒரு வழக்கம் நம் ஊர்களில் ஓடுகிறது: முன்பணம் கொடுத்துவிட்டு, மற்றவர் பெயரில் உள்ள கடனை நீங்கள் மாதாமாதம் கட்டுவது. மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் கார் அவர் பெயரில்தான் இருக்கும். வங்கி இழுத்துக்கொண்டு போனால் கேட்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. விலை எவ்வளவு மலிவானாலும் இதைத் தொடாதீர்கள்.

சம்மன் பாக்கியும் கருப்புப் பட்டியலும் இருந்தால் பெயர் மாற்றம் நின்றுவிடும். விற்பவரையே அவர் கைப்பேசியில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சர்வீஸ் ஃபைல் இருக்கிறதா, சாவி இரண்டு இருக்கிறதா என்றும் இப்போதே கேளுங்கள். இரண்டாவது சாவியை அந்தக் காரின் சேசிஸ் நம்பருக்குச் செய்து, காரோடு பழக்க வேண்டும். சந்தைக் கடையில் வெட்டிக்கொள்ளும் சாவி அல்ல அது.

4. குளிர்ந்த எஞ்சின்

என் முதல் ஜெர்மன் காரை மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன். "இப்பதான் கழுவிட்டு எடுத்துட்டு வந்தேன் அண்ணே" என்றார் விற்றவர். எஞ்சின் சூடாக இருந்தது, பட்டுப்போல் ஓடியது. வாங்கி வந்து மறுநாள் காலை வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்தேன். முதல் மூன்று விநாடி, மில்க் டின்னில் சில்லறை போட்டுக் குலுக்கிய மாதிரி ஒரு சத்தம், அப்புறம் அமைதி. டைமிங் செயினும் அதன் பற்சக்கரங்களும் தேய்ந்திருந்தன. நாலாயிரத்துச் சொச்சம் ரிங்கிட் போனது. காலையில் போயிருந்தால் அந்த மூன்று விநாடியே எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கும்.

அதனால் காலை எட்டு மணிக்குப் போங்கள். நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முதல்நாளே சொல்லுங்கள். போனதும் முதலில் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம்.

குளிர்ந்திருக்கும்போது மட்டும் செய்யக்கூடியவை உண்டு. கூலன்ட் மூடியைத் திறந்து பாருங்கள் (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்). நிறம் தெளிவாக இருக்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், துருத்தண்ணீராக இருந்தாலும் நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் பைப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார் என்றால் மற்ற பராமரிப்பும் அப்படித்தான் இருந்திருக்கும். எண்ணெய் மூடியின் அடியில் வெண்ணெய் போல் படிந்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம்.

காற்று சஸ்பென்ஷன் உள்ள காரா என்பதை இப்போது கவனியுங்கள். இரவு முழுக்க நின்ற கார் ஒரு மூலையில் தாழ்ந்திருந்தால் காற்றுப் பை கசிகிறது. ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் கம்ப்ரஸர் அதைத் தூக்கிவிடும், பிறகு கண்ணுக்குத் தெரியாது. காலையில் வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது ஸ்டார்ட். உங்கள் ஆள் புகைக்குழாய்க்குப் பின்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடிக்கட்டும். நீலப் புகையும் காகிதத்தில் எண்ணெய்ப் புள்ளியும் வந்தால் எஞ்சின் எண்ணெய் தின்கிறது. காலைப் பனியில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது சகஜம், சீக்கிரம் மறைய வேண்டும். காது எஞ்சினில் இருக்கட்டும். ரேடியோ போட்டுக் காட்ட வந்தால் அணைக்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் இன்னும் குளிராக இருக்கும்போதே பிரேக்கை மிதித்து கியரை பி-யிலிருந்து ஆர்-க்கும், பிறகு டி-க்கும் மாற்றுங்கள். ஒரு விநாடிக்குள் மெதுவாகப் பிடிக்க வேண்டும். யோசித்துவிட்டு "டொக்" என்று இடித்தால் கியர் பாக்ஸில் வேலை இருக்கிறது.

5. தண்ணீர், சேறு, எலி

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா பக்கம் கூரை வரை மூழ்கிய கார்கள் எத்தனை என்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அப்படி மூழ்கிய கார்களில் சில கழுவித் துடைத்து வெளியூர் சந்தைக்கு வருகின்றன. சாதாரணக் கார் மூழ்கினாலே தொல்லைதான். ஆடம்பரக் காரில் தரைவிரிப்புக்கு அடியிலும் பூட்டிலும் மின்னணுப் பெட்டிகள் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகப் பச்சை பூக்கும்.

எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவன் இ60 ஒன்றைக் கண்டு மயங்கி என்னைக் கூட்டிப்போனான். உள்ளே புது மணம், விரிப்பு பளிச்சென்று இருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தோம், சுத்தம். பூட் தரையைத் தூக்கினோம், அதுவும் சுத்தம். ஓரத்தில் இருந்த போல்ட் ஒன்றின் மரைக்குள் டார்ச் அடித்தேன். காய்ந்த வண்டல், நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. மூடிவிட்டு வந்துவிட்டோம். கழுவுகிறவர்கள் விரிப்பைக் கழுவுவார்கள், பெல்ட்டைக்கூட மாற்றுவார்கள். மரைக்குள் யாரும் போக மாட்டார்கள். அதனால் அங்கே பாருங்கள்: சீட் ரெயிலுக்கு அடியில், கதவு ரப்பருக்குள், ஃபியூஸ் பெட்டியின் மூலையில்.

வெள்ளம் இல்லாமலும் தண்ணீர் வரும். சன்ரூஃப் வடிகால் குழாய் இலையால் அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே இறங்கும். முன் விரிப்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். பல பி.எம்.டபிள்யூக்களிலும் டபிள்யூ211-இலும் பேட்டரியே பூட்டில்தான் இருக்கிறது, அந்தக் குழியில் ஈரம் இருக்கக் கூடாது.

செம்பனைப் பக்கம் நின்ற கார் என்றால் எலியையும் சேர்த்துப் பாருங்கள். செம்பனைக்கு எலி பெரிய எதிரி என்பது நமக்குத் தெரியும். பழம் தீர்ந்தால் வயருக்கு வரும். எஞ்சின் மூடியைத் தூக்கிப் புழுக்கை, கடித்த நார், புது டேப் சுற்றிய வயர் இருக்கிறதா என்று பாருங்கள். 1990-களின் நடுவில் வந்த டபிள்யூ124 போன்ற பென்ஸ் என்றால் எலி வேண்டியதே இல்லை. அந்தக் காலத்து எஞ்சின் வயர் உறை சூட்டில் தானாகவே நொறுங்கும். வயர் கட்டு மாற்றப்பட்டதா என்று கேட்டு, ரசீது பாருங்கள்.

6. ஒவ்வொரு பொத்தானும்

சலிப்பாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் அழுத்துங்கள். நாலு கண்ணாடி, சீட்டின் எல்லாத் திசை, பக்கக் கண்ணாடி மடக்குவது, சன்ரூஃப், பூட் மூடி.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் அதை யாரோ மறைத்திருக்கலாம். எரிந்தபடியே இருப்பதைவிட அது மோசம். டகாட்டா ஏர்பேக் திரும்ப அழைப்பில் பி.எம்.டபிள்யூ, ஹோண்டா, டொயோட்டா எனப் பல கார்கள் உண்டு. சேசிஸ் நம்பரைச் சொல்லி அந்தந்த சர்வீஸ் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இது உயிர் சம்பந்தப்பட்டது.

ஏர்கோனை வெயிலில் நின்றபடி பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். இடப்பக்கம் குளிர்ந்து வலப்பக்கம் சூடாக வந்தால் உள்ளே காற்றைத் திருப்பும் மடலோ அதன் மோட்டாரோ போயிருக்கலாம். உள்ளே குளிர்விக்கும் காயில் கசிந்தால் பல மாடல்களில் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். கேஸ் அடித்தால் போதும் என்று விற்பவர் சொன்னால், அடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லுங்கள்.

2006 முகமாற்றத்துக்கு முந்தைய டபிள்யூ211-க்குத் தனிக் குறிப்பு. அதில் எஸ்.பி.சி. என்னும் மின்னணு பிரேக் அமைப்பு உண்டு. கதவைத் திறந்ததும் பம்ப் 'விர்' என்று ஓடும், அது சரி. பம்புக்குள் பயன்பாட்டை எண்ணும் கணக்கு இருக்கிறது, வரம்பு வந்ததும் சிவப்பு எச்சரிக்கை காட்டும். மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் விலையில் அதைக் கழியுங்கள்.

7. ஓட்டம்: முதலில் செம்மண், அப்புறம் மலை

தோட்டத்துச் செம்மண் பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடியை இறக்கி, ரேடியோ இல்லாமல் ஓட்டுங்கள். குழியில் 'டக் டக்' என்பது சஸ்பென்ஷன் இணைப்புகளான புஷ்ஷோ பால் ஜாயின்ட்டோ. இந்தக் கார்களில் முன் சஸ்பென்ஷன் கைகள் பல துண்டுகளாக வருவதால் ஒன்று போனால் மற்றவையும் பின்னாலேயே வரும். நல்ல தார் ரோட்டில் மட்டும் ஓட்டிக் காட்டினால் இது தெரியாது.

அடுத்து கோலக்கங்சார் டோலில் ஏறி ஈப்போ நோக்கிப் போங்கள். மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் வரும் ஏற்றம் நமக்கு அருகில் கிடைத்த பரீட்சை மண்டபம். ஏர்கோன் போட்டபடி, காலை நிதானமாக அழுத்தி ஏற்றுங்கள். கியர் வழுக்கினால் ஆர்.பி.எம். மட்டும் ஏறும், வேகம் ஏறாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா என்று கவனியுங்கள்.

சூட்டு முள்ளை நம்புவதில் ஒரு தவறு நடக்கிறது. இ39-இல் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி செய்திருக்கிறார்கள். முள் நகர ஆரம்பிக்கும்போது காலம் கடந்திருக்கும். உண்மையான வெப்பத்தை ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். பி.எம்.டபிள்யூவின் குளிர்விப்பில் பிளாஸ்டிக் பாகங்கள் அதிகம். விரிவுத் தொட்டி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் வயதானால் வெடிக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ஃபைலில் தேடுங்கள்.

திரும்பி வந்து பத்து நிமிடம் அணைக்காமல் நிறுத்துங்கள். கீழே என்ன சொட்டுகிறது, ஃபேன் வேலை செய்கிறதா, பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறதா என்று பாருங்கள்.

8. காசு கொடுத்துப் பார்ப்பது

இதுவரை தேறினால் மட்டும் போர்மனிடம் கொண்டுபோங்கள். விற்பவருக்குத் தெரிந்தவரிடம் அல்ல, முதலிலேயே நீங்கள் பேசி வைத்தவரிடம். பரிசோதனைக்குச் சில நூறு ரிங்கிட் ஆனாலும் கொடுங்கள். வேண்டாம் என்று விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

தூக்கி வைத்து எண்ணெய்க் கசிவு, உடைந்த அடிமூடி, வெல்டிங் தழும்பு, டயர் தேய்மானம் பார்க்கச் சொல்லுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நாலு எண் தயாரித்த வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

ஸ்கேனர் விஷயத்தில், ஆன்லைனில் விற்கும் சின்ன புளூடூத் கருவி பெரும்பாலும் எஞ்சின் பழுதுகளை மட்டும் சொல்லும். பிரேக், ஏர்பேக், சஸ்பென்ஷன், கியர் பாக்ஸ் எல்லாவற்றுக்கும் அந்தந்தக் காருக்கான கருவி வேண்டும். ஒரு பழுதும் காட்டவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். "ரெடினஸ்" நிலையை, அதாவது காரின் சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்பதை, பார்க்கச் சொல்லுங்கள். அது முழுமையாகவில்லை என்றால் நேற்றோ இன்றோ பழுதுக் குறியீடுகளை அழித்திருக்கலாம்.

மைலேஜையும் அங்கேயே பாருங்கள். இ39-இல் மீட்டரில் மட்டுமல்லாமல் விளக்குகளைக் கட்டுப்படுத்தும் பெட்டியிலும் கிலோமீட்டர் பதிந்திருக்கும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கருவி இல்லாமலே தெரிய வேண்டுமானால் பிரேக் பெடல் ரப்பரையும் டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரத்தையும் பாருங்கள். 90,000 கிலோமீட்டர் என்று காட்டும் காரில் பெடல் வழுவழுவென்று தேய்ந்திருக்கக் கூடாது.

கியர் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சொல்வது நல்லது. 2000-களின் தொடக்கத்து பென்ஸ்களில் சில ரேடியேட்டர்கள் உள்ளுக்குள் உடைந்து கூலன்ட் கியர் பாக்ஸுக்குப் போகும் பழுது உண்டு. எண்ணெய் பால் கலந்த மாதிரி மாறிவிடும். அப்படி இருந்தால் கியர் பாக்ஸ் போனதாகவே கணக்கு வையுங்கள்.

9. விலையும் பெயர் மாற்றமும்

போர்மன் எழுதிக் கொடுத்த பட்டியலைப் பாகத்தின் விலையோடு விற்பவர் முன் வையுங்கள். "கொஞ்சம் குறைங்க அண்ணே" என்று கேட்பதைவிடத் தாளைக் காட்டி இந்தத் தொகையைக் கழியுங்கள் என்பது எளிது. அவருக்கும் அது அவமானமாக இருக்காது.

முன்பணம் சின்னதாக, ரசீதோடு கொடுங்கள். ரசீதில் "பி5 வாகனப் பரிசோதனையில் தேறாவிட்டால் பணம் திருப்பித் தரப்படும்" என்று எழுத வையுங்கள். பெயர் மாற்றத்துக்கு அந்தப் பரிசோதனை வேண்டும். சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் கிரானோடு ஒத்துப்போகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். ஹாஃப் கட் எஞ்சின் (வேறொரு பழைய காரிலிருந்து எடுத்தது) மாட்டி ஜே.பி.ஜே.யில் பதியாமல் விட்ட கார்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து உங்கள் பெயரில் இன்சூரன்ஸ், பிறகு ஜே.பி.ஜே.யில் இருவரும் உறுதிசெய்து பெயர் மாற்றம். மீதிப் பணம் பெயர் மாறியது திரையில் தெரிந்த பிறகுதான். "நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், காடிய எடுத்துட்டுப் போங்க தம்பி" என்று அன்பாகச் சொன்னாலும் எடுக்காதீர்கள். வழியில் விபத்து என்றால் இரண்டு பேருக்கும் சிக்கல்.

10. முதல் மாதம்

தோல் சீட்டுக்குக் கிரீம், ஸ்போர்ட்ஸ் ரிம் எல்லாம் அப்புறம். முதலில் எஞ்சின் எண்ணெய், ஃபில்டர்கள், கூலன்ட், பிரேக் ஃபுளூயிட், பெல்ட். கியர் எண்ணெய் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். இ60-இல் உள்ள ஆறு வேக கியர் பாக்ஸைச் செய்த இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பழைய காரில் கியர் ஏற்கெனவே வழுக்கினால் மட்டும் மாற்றுவதற்கு முன் போர்மனிடம் கேளுங்கள், எண்ணெய் மாற்றினால் அது குணமாகாது.

செய்த ஒவ்வொரு வேலையின் ரசீதையும் நகலெடுத்து ஃபைலில் வையுங்கள். கடைகளில் தரும் தெர்மல் தாள் நம் சூட்டில் சில மாதத்திலேயே வெளுத்துப்போகும். நகலின் ஓரத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் பேனாவால் எழுதுங்கள். முன்னவர் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலிருந்தே தொடங்கலாம்.